ரெட்டினாய்டு சொன்னால் விழிக்கும் ஜீன்: டிக்-3 பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செல் உயிரியல் படிக்கிறவர்கள், தோலுக்கு ரெட்டினாய்டு களிம்பு எழுதி வாங்கியவர்கள், ‘வைட்டமின் ஏ புற்றுநோயைத் தடுக்கும்’ என்று எங்கோ படித்தவர்கள் என்று மூன்று தரப்பும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். எல்லாம் டிக்-3 என்ற ஜீனைச் சுற்றியவை; ரெட்டினாய்டால் தூண்டப்பட்டு, செல் வளர்ச்சியைத் தடுக்கும் ஜீன் அது. பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எல்லாருக்கும் வசதி என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். முதலிலிருந்து வரிசையாகப் படித்தால் பின்னால் வருபவை எளிதாகப் புரியும்.

ரெட்டினாய்டுன்னா வைட்டமின் ஏ தானே? ஏன் தனிப் பேரு?

வைட்டமின் ஏ அந்தக் குடும்பத்தில் ஒரு உறுப்பினர். உணவிலிருந்து வரும் ரெட்டினாலை, அதாவது வைட்டமின் ஏவை, உடல் ரெட்டினைல் எஸ்டர் என்ற வடிவமாக மாற்றிக் கல்லீரலில் சேமிக்கிறது. தேவைப்படும்போது செல்கள் அதை ரெட்டினால்டிஹைடாகவும், அதிலிருந்து ரெட்டினாயிக் அமிலமாகவும் மாற்றிக்கொள்கின்றன. பார்வைக்கு உதவுவது ரெட்டினால்டிஹைடு. ஜீன்களோடு பேசுவது ரெட்டினாயிக் அமிலம். இந்தப் பக்கம் முழுக்க அந்த இரண்டாவது வேலையைப் பற்றித்தான்.

இயற்கையானவற்றோடு, அதே வேலையைச் செய்யும்படி ஆய்வகத்தில் உருவாக்கிய மூலக்கூறுகளையும் சேர்த்து ரெட்டினாய்டு என்கிறார்கள். முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின், சொரியாசிசுக்குத் தரும் டசரோட்டீன், அசிட்ரெட்டின் எல்லாம் இதில் அடங்கும்.

ஒரு வைட்டமின் எப்படி ஜீன்கிட்ட பேசும்?

ரெட்டினாயிக் அமிலம் சிறிய, கொழுப்பில் கரையும் மூலக்கூறு. செல்லுக்குள் நுழைந்து நியூக்ளியஸ் வரை போய்விடும். அங்கே அதற்கென்றே ஏற்பிப் புரதங்கள் இருக்கின்றன. ரெட்டினாயிக் அமில ஏற்பி என்ற அந்தப் புரதத்தில் ஆல்ஃபா, பீட்டா, காமா என மூன்று வகை. 1987-ல் பிரான்சில் பியேர் ஷாம்போன் குழுவும் அமெரிக்காவில் ரொனால்ட் எவன்ஸ் குழுவும் தனித்தனியாக ஆல்ஃபாவைக் கண்டுபிடித்தன. இந்த ஏற்பி தனியாக வேலை செய்யாது. ஆர்எக்ஸ்ஆர் என்ற இன்னொரு ஏற்பியோடு ஜோடி சேர்ந்துதான் டிஎன்ஏவில் உட்காரும்.

உட்காரும் இடமும் ஏதோ ஒரு இடம் இல்லை. ஏஜிஜிடிசிஏ என்ற ஆறெழுத்து வரிசையோ அதற்கு நெருக்கமான ஒன்றோ இரண்டு முறை வர வேண்டும். நடுவில் பெரும்பாலும் 5 அல்லது 2 எழுத்து இடைவெளி இருக்க வேண்டும். ரெட்டினாயிக் அமிலம் இல்லாதபோதும் ஜோடி அங்கேயே இருக்கலாம். ஆனால் அப்போது அதோடு ஒட்டியிருப்பவை அடக்கும் புரதங்கள். அவை டிஎன்ஏவை இறுகச் சுருட்டி வைத்து ஜீனை ஊமையாக்குகின்றன. அமிலம் வந்து ஏற்பியில் பொருந்தியதும் ஏற்பியின் வடிவம் லேசாக மாறுகிறது, அடக்கும் புரதங்கள் கழன்றுகொள்கின்றன, தூண்டும் புரதங்கள் வந்து சேர்கின்றன. ஜீன் படிக்கப்படத் தொடங்குகிறது. ரெட்டினாய்டால் கூடும் ஜீன்களில் சில இப்படி நேரடியாகத் தூண்டப்படுபவை. சில, முதலில் விழித்த ஜீன்களின் புரதங்களால் அடுத்த கட்டத்தில் தூண்டப்படுபவை.

சரி, நீங்க சொல்ற அந்த ஜீன் எது? ஒவ்வொரு கட்டுரையிலும் ஒவ்வொரு பேரு போட்டிருக்கே?

டிக்-3. டசரோட்டீனால் தூண்டப்படும் மூன்றாவது ஜீன் என்பதன் சுருக்கம் அது. மனிதத் தோலின் கெரட்டினோசைட் செல்களுக்கு டசரோட்டீன் கொடுத்து, எந்தெந்த ஜீன்கள் புதிதாக விழிக்கின்றன என்று தேடியபோது கிடைத்தது, 1998-ல் வெளியானது. 11-வது குரோமோசோமின் நீண்ட கையில் இருக்கிறது.

பெயர்க் குழப்பம் உண்மைதான். ரெட்டினாயிக் அமில ஏற்பிக்குப் பதிலளிக்கும் ஜீன் என்ற பொருளில் ஆர்ஏஆர்ஆர்இஎஸ்3 என்று நீண்ட காலம் அழைத்தார்கள். குடும்பத்தின் பெயரை வைத்து ஹெச்ஆர்ஏஎஸ்எல்எஸ்4 என்றார்கள். இப்போதைய அதிகாரப்பூர்வப் பெயர் பிளாட்4, அதாவது பாஸ்போலிப்பேஸ் ஏ, அசைல்டிரான்ஸ்ஃபரேஸ் வேலை செய்யும் குடும்பத்தில் நான்காவது. பழைய கட்டுரை தேடுபவர்கள் எல்லாப் பெயரையும் போட்டுத் தேடுவது நல்லது. இங்கே டிக்-3 என்றே எழுதுகிறேன்.

அப்போ டிக்-1, டிக்-2 என்ன ஆச்சு?

இரண்டும் இருக்கின்றன. டிக்-1 சவ்வில் இருக்கும் வேறொரு புரதம். அதுவும் பல புற்றுநோய்களில் ஊமையாக்கப்படுகிறது. டிக்-2-வின் கதை திசை மாறிவிட்டது. அது கெமரின் என்ற பெயரில் அழற்சியிலும் கொழுப்புத் திசு ஆய்விலும் பிரபலமாகிவிட்டது. எண் வரிசையில் வருவதால் மூன்றும் அண்ணன் தம்பிகள் என்று நினைக்க வேண்டாம். ஒரே மருந்துக்கு விழித்தவை என்பதைத் தவிர மூன்றுக்கும் உறவில்லை.

இந்த ஜீன் உண்டாக்குற புரதம் செல்லுக்குள்ள என்ன பண்ணும்?

164 அமினோ அமிலம் கொண்ட சின்னப் புரதம். இரண்டு பகுதிகளாகப் பார்க்கலாம். முன்பகுதி ஒரு நொதி. சவ்வுக் கொழுப்புகளான பாஸ்போலிப்பிடுகளிலிருந்து கொழுப்பு அமிலத்தைக் கழற்றும், கழற்றியதை வேறொரு மூலக்கூறில் ஒட்டவும் செய்யும். இந்த வேலையின் மையத்தில் இருப்பது 113-வது இடத்திலுள்ள சிஸ்டீன். அதை மாற்றிவிட்டால் நொதி செத்தது. பின்பகுதி தண்ணீரை வெறுக்கும் ஒரு வால். புரதத்தைச் சவ்வில் ஊன்றி வைப்பது அதுதான்.

இந்த வாலை வெட்டிவிட்டால், நொதிப் பகுதி முழுசாக இருந்தும் செல்லின் வளர்ச்சியை டிக்-3-ஆல் நிறுத்த முடிவதில்லை. எனக்கு இந்த ஜீனில் பிடித்த விஷயமே இதுதான். புரதம் இருந்தால் போதாது, அது சரியான இடத்தில் இருக்க வேண்டும். ஜீன் ‘ஆன்’ ஆனதா இல்லையா என்று மட்டும் பார்க்கிறவர்கள் இதைத் தவற விடுகிறார்கள்.

செல் வளர்ச்சியைத் தடுக்குதுன்னு எதை வச்சு சொல்றாங்க? கண்ணால பார்த்தாங்களா?

ஒரு விதத்தில் கண்ணால்தான். கிருமிக்கொல்லியைத் தாங்கும் ஜீனோடு டிக்-3-ஐயும் சேர்த்து பிளாஸ்மிடு என்ற வட்ட டிஎன்ஏ துண்டில் வைத்து வளர்ப்புத் தட்டிலுள்ள செல்களுக்குள் செலுத்துகிறார்கள். இன்னொரு தட்டில் டிக்-3 இல்லாத வெறும் பிளாஸ்மிடு. பிறகு கிருமிக்கொல்லியை ஊற்றினால் பிளாஸ்மிடு ஏறாத செல்கள் எல்லாம் செத்துவிடும். ஏறியவை ஒவ்வொன்றும் பெருகிப் பெருகி ஒரு சின்னக் கூட்டமாகும். சில வாரம் கழித்து ஊதாச் சாயம் போட்டுக் கழுவினால் ஒவ்வொரு கூட்டமும் ஒரு புள்ளியாகத் தெரியும். வெறும் பிளாஸ்மிடு போட்ட தட்டில் புள்ளிகள் நெருக்கமாக இருக்கும். டிக்-3 போட்டதில் குறைவு. 1998-ல் மார்பகப் புற்றுநோயிலிருந்து வந்த டி47டி செல்களில் இப்படித்தான் காட்டினார்கள்.

ஏன் குறைகிறது என்பதற்குப் பின்னால் வந்த ஆய்வுகள் பல வழிகளைக் காட்டின. ராஸ் புரதத்திலிருந்து தொடங்கும் ‘பிரி, பெருகு’ என்ற சமிக்ஞை மங்குகிறது. செல் சுழற்சியை ஓட்டும் சைக்ளின்கள் குறைகின்றன. சுழற்சிக்குத் தடை போடும் பி21 கூடுகிறது. செல் பிரிவை ஒழுங்குபடுத்தும் உறுப்பான சென்ட்ரோசோமுக்கு அருகே டிக்-3 குவிவதையும், செல் பிரியும் முன் இரண்டு சென்ட்ரோசோம்கள் விலகிப் போக வேண்டிய கட்டத்தில் அவை விலகாமல் நிற்பதையும் பார்த்திருக்கிறார்கள். இவற்றில் எது முதல் காரணம், எது அதன் விளைவு என்பதில் ஆய்வாளர்கள் ஒரே குரலில் பேசுவதில்லை.

தோல் பத்தியே பேசுறீங்களே, அங்க மட்டும் தான் இருக்கா?

மற்ற திசுக்களிலும் இருக்கிறது. ஆனால் தோலில்தான் அதன் வேலையை அடுக்கு அடுக்காகப் பார்க்க முடியும்.

மேல்தோலின் அடியில் ஒரு அடுக்கு செல்கள் பிரிந்துகொண்டே இருக்கின்றன. அங்கிருந்து மேலே தள்ளப்படும் செல், பிரிவதை நிறுத்திவிட்டு முதிரத் தொடங்குகிறது. சவ்வின் உட்புறம் இன்வலூக்ரின், லோரிக்ரின் போன்ற புரதங்களைக் கொண்டுவந்து அடுக்குகிறது. டிரான்ஸ்குளூட்டமினேஸ்-1 என்ற நொதி அவற்றை ஒன்றோடொன்று பிணைக்கிறது. கடைசியில் நியூக்ளியசும் போய், தட்டையான செதில் மட்டும் மிஞ்சுகிறது. சில வாரங்களில் அது உதிர்கிறது. அந்தச் செதிலின் உறை எவ்வளவு கெட்டி என்றால், எஸ்டிஎஸ் என்ற வலுவான சலவைப் பொருளும் டைசல்ஃபைடு பிணைப்பை முறிக்கும் வேதிப்பொருளும் கலந்து கொதிக்க வைத்தாலும் கரையாது. மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் காலியான கூடுகள் மிதக்கும். ஆய்வகத்தில் அவற்றை எண்ணித்தான் முதிர்ச்சியை அளக்கிறார்கள்.

டிக்-3 அதிகம் தெரிவது அடியடுக்குக்கு மேலே, முதிரும் செல்களில். அங்கே சவ்வருகே அது டிரான்ஸ்குளூட்டமினேஸ்-1 உடன் சேர்ந்து அதன் பிணைக்கும் வேலையைத் தூண்டுகிறது. அதாவது, பிரிவதை நிறுத்துவதும் உறை கட்டுவதும் இந்தப் புரதத்தில் ஒன்றாக முடிச்சுப் போடப்பட்டிருக்கின்றன. சாதாரண கெரட்டினோசைட்டில் டிக்-3 கூடினால் செல் முதிர்கிறது. எஸ்சிசி-13 என்ற தோல் புற்றுநோய் செல்லில் அதையே கூட்டினால் செல் சாகிறது. ஒரே புரதம், கேட்கும் செல்லைப் பொறுத்து முடிவு வேறு.

அப்படின்னா இது பி53 மாதிரி புற்றுநோயைத் தடுக்கிற ஜீனா?

அந்த வகைதான், ஆனால் கெட்டுப்போகும் விதம் வேறு. பி53 பல புற்றுநோய்களில் எழுத்துப் பிழையால், அதாவது மரபணு மாற்றத்தால் பழுதாகிறது. டிக்-3-இல் எழுத்து பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஜீன் படிக்கப்படுவது மட்டும் குறைந்திருக்கும். இப்படிப்பட்டவற்றை இரண்டாம் வகைக் கட்டி அடக்கிகள் என்கிறார்கள். உறவுக்கார ஜீனான ஹெச்-ரெவ்107-உம் அதே வகை. ராஸால் புற்றுத்தன்மை அடைந்து பிறகு இயல்புக்குத் திரும்பிய எலி செல்களில்தான் அதைக் கண்டுபிடித்தார்கள்.

இந்த வேறுபாடு சும்மா வகைப்படுத்தலுக்காக இல்லை. உடைந்த ஜீனைச் சரிசெய்வது கடினம். ஊமையாக இருக்கும் ஜீனை மருந்தால் எழுப்பலாம் என்ற நம்பிக்கைக்கு இடமிருக்கிறது. அந்த நம்பிக்கைதான் அடுத்து வரும் பாதிக் கேள்விகளுக்குக் காரணம்.

சொரியாசிஸ் புற்றுநோய் இல்லையே, அங்க இந்த ஜீனுக்கு என்ன வேலை?

சொரியாசிசில் மேல்தோல் செல்கள் வெகுவேகமாகப் பிரிந்து, முதிர நேரமில்லாமல் மேலே வந்து சேர்கின்றன. வாரக்கணக்கில் நடக்க வேண்டிய பயணம் சில நாட்களில் முடிகிறது. அதனால்தான் செதில் செதிலாக உதிர்கிறது. அந்தத் திட்டுகளில் டிக்-3 குறைந்திருப்பதையும், டசரோட்டீன் பூசிய பிறகு கூடுவதையும் பார்த்திருக்கிறார்கள். தோலின் பேசல் செல் புற்றுநோயிலும் குறைவாகவே இருக்கிறது.

ஆனால் சொரியாசிசின் வேர் டிக்-3 குறைவு என்று சொல்லிவிட முடியாது. அது நோய் எதிர்ப்பு மண்டலம் தவறான திசையில் போவதால் வருவது. டிக்-3 குறைவது அந்தக் கலவரத்தில் தோல் செல் என்ன ஆகிறது என்பதன் ஒரு பகுதி.

அப்போ வைட்டமின் ஏ மாத்திரை நிறையப் போட்டுக்கிட்டா இந்த ஜீன் ஏறி புற்றுநோய் வராம இருக்குமா?

இல்லை. அதிகமாக எடுப்பது ஆபத்தும்கூட. அடிக்கடி வரும் கேள்வி என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதலில், செல் தனக்கு வேண்டிய ரெட்டினாயிக் அமிலத்தை அளந்துதான் வைத்துக்கொள்கிறது. அளவு கூடினால், அந்த அமிலமே சிஒய்பி26ஏ1 என்ற ஜீனை எழுப்பும். அதன் நொதி அமிலத்தைச் சிதைக்கும். அதிகமாக விழுங்கினால் மிச்சம் கல்லீரலில் சேரும். பெரியவர்களுக்கு, ஏற்கெனவே வைட்டமின் ஏவாகவே (ரெட்டினால் வடிவில்) கிடைப்பது நாளொன்றுக்கு 3000 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்கப் பரிந்துரை. அதைத் தாண்டித் தொடர்ந்து எடுத்தால் கல்லீரலும் எலும்பும் பாதிக்கப்படலாம். கர்ப்ப காலத்தில் கருவின் உருவமே குலையலாம். ஐசோட்ரெட்டினாயின், அசிட்ரெட்டின் மாத்திரைகளைக் கர்ப்பிணிகளுக்குத் தரவே மாட்டார்கள்; டசரோட்டீன் களிம்பையும் தவிர்க்கச் சொல்வார்கள்.

இரண்டாவது, இதைப் பெரிய அளவில் மனிதர்களிடமே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பிடிப்பவர்களிடம் நடந்த ஆய்வில், உடலில் வைட்டமின் ஏவாக மாறும் பீட்டா கரோட்டீனை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. முடிவு 1994-ல் வந்தது. அமெரிக்காவில் பீட்டா கரோட்டீனும் வைட்டமின் ஏவும் சேர்த்துக் கொடுத்த ‘கேரட்’ (CARET) என்ற சுருக்கப் பெயர் கொண்ட ஆய்வில் 28 சதவீதம் கூடியதால் 1996-ல் பாதியிலேயே நிறுத்தினார்கள். தடுக்கும் என்று நினைத்துக் கொடுத்தது கூட்டிவிட்டது.

மருந்தளவு ஐசோட்ரெட்டினாயின் கதை வேறு மாதிரி. தலை, கழுத்துப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்தவர்களுக்கு அதிக அளவில் கொடுத்தால் இரண்டாவது புற்றுநோய் குறைகிறது என்று 1990-ல் ஒரு சிறிய ஆய்வு காட்டியது. பக்கவிளைவுக்குப் பயந்து அளவைக் குறைத்து, நிறையப் பேரிடம் பார்த்தபோது பயன் தெரியவில்லை.

ரெட்டினாயிக் அமிலம் கொடுத்து ரத்தப் புற்றுநோயே குணமாகுதாமே? அது டிக்-3 வேலையா?

குணமாவது உண்மை. ஆனால் அங்கே கதாநாயகன் வேறு. அக்யூட் புரோமைலோசைடிக் லூக்கேமியாவில் 15-வது, 17-வது குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. அதனால் ரெட்டினாயிக் அமில ஏற்பி ஆல்ஃபாவே பிஎம்எல் என்ற வேறொரு புரதத்தோடு ஒட்டிப் பிறக்கிறது. இரண்டாவது பதிலில் சொன்ன அடக்கும் புரதங்களை இந்த ஒட்டுப் புரதம் இறுகப் பிடித்துக்கொள்கிறது. உடலில் வழக்கமாக உள்ள ரெட்டினாயிக் அமிலத்துக்கு அது அசையாது. மருந்தளவில் கொடுத்தால் பிடி தளர்கிறது, ஒட்டுப் புரதமும் சிதைகிறது, பாதியில் நின்ற வெள்ளையணுக்கள் முதிர்கின்றன.

ஷாங்காயில் வாங் ஷென்-யி குழு 1988-ல் வெளியிட்ட அறிக்கையில் 24 நோயாளிகளும் முழு நிவாரண நிலையை எட்டினார்கள். இப்போது ஆர்செனிக் டிரையாக்சைடையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அதிக ஆபத்துப் பிரிவில் இல்லாதவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமடைகிறார்கள். இது ஏற்பியே பழுதான நோய் என்பதால்தான் மருந்து இவ்வளவு கச்சிதமாக வேலை செய்கிறது. மற்ற கட்டிகளில் பழுது பல இடங்களில் சிதறியிருக்கிறது. அங்கே இதே பலனை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ரெட்டினாய்டு வளர்ச்சியை நிறுத்தும்னா, களிம்பு போட்டதும் தோல் ஏன் உரியுது? தடிமனாகுதுன்னும் சொல்றாங்களே?

நல்ல கேள்வி. சாதாரணத் தோலில் ரெட்டினாய்டு பூசினால் மேல்தோல் தடிக்கிறது. மேலடுக்கு செல்கள் ஹெச்பி-இஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியை அதிகம் வெளியிடுகின்றன. அது கீழே உள்ள செல்களைப் பிரியச் சொல்கிறது. சொரியாசிஸ் தோலிலோ அதே மருந்து பிரிவதைக் குறைக்கிறது. ஆக, ரெட்டினாய்டு வளர்ச்சியை நிறுத்தும் மருந்து என்று ஒரே வரியில் எழுதும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை. அது பல நூறு ஜீன்களின் அளவை மாற்றுகிறது. டிக்-3 அவற்றில் நிறுத்தச் சொல்லும் ஒரு குரல்.

எலியில் இந்த ஜீனை எடுத்துட்டுப் பார்த்தா தெரிஞ்சிடுமே?

எடுக்க எலியிடம் அந்த ஜீனே இல்லை. மனிதரில் இந்தக் குடும்பத்தில் ஐந்து பேர். சுண்டெலியிலும் எலியிலும் 1, 3, 5 மட்டும்தான். டிக்-3 பற்றி நாம் அறிந்தது பெரும்பாலும் மனித செல் வளர்ப்பிலிருந்தும், நோயாளிகளின் திசுக்களிலிருந்தும், மனித செல்களை எலிக்குள் வைத்துப் பார்த்ததிலிருந்தும் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். உறவுக்காரனான பிளாட்3-ஐ எலியில் ஆராய முடிகிறது. அது கண் லென்சில் செல் உறுப்புகளைக் கரைத்து லென்சைத் தெளிவாக்க உதவுகிறது. அதை வைத்து டிக்-3-உம் அப்படித்தான் என்று முடிவு கட்டக்கூடாது.

ரிக்-1, ரிக்-ஐ ரெண்டும் இதுதானா?

ரிக்-1 என்று சில பழைய கட்டுரைகள் சொல்வது டிக்-3-ஐத்தான். கடைசியில் ரோமன் எண் வரும் ரிக்-ஐ முற்றிலும் வேறு ஜீன்; செல்லுக்குள் நுழைந்த வைரஸின் ஆர்என்ஏவை மோப்பம் பிடிப்பது அது. ரெட்டினாயிக் அமிலம் கொடுத்த செல்லில் கண்டெடுத்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இரண்டையும் குழப்பிய அட்டவணைகளை நானே பார்த்திருக்கிறேன். குரோமோசோம் எண்ணைப் பாருங்கள்: 11 என்றால் டிக்-3, 9 என்றால் ரிக்-ஐ.

ரெட்டினாய்டு இல்லாம இந்த ஜீன் விழிக்கவே விழிக்காதா?

விழிக்கும். தொற்று வந்தால் உடல் வெளியிடும் இன்டர்ஃபெரான் காமாவும் இதைத் தூண்டுகிறது. 2021-ல் வெளியான ஓர் ஆய்வில், இன்டர்ஃபெரானால் தூண்டப்படும் ஜீன்களை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தபோது, டோக்சோபிளாஸ்மா ஒட்டுண்ணியைக் கட்டுப்படுத்துவதாக டிக்-3 மாட்டியது. ஒட்டுண்ணி பெருகி முடிக்கும் முன்பே செல்லைவிட்டு வெளியேறும்படி அது செய்கிறது. தோல் மருந்தில் தொடங்கிய ஜீன் கிருமி எதிர்ப்பில் வந்து நிற்பது விநோதமாகத் தெரியலாம். சவ்வுக் கொழுப்பில் கை வைக்கும் நொதிக்கு அது அவ்வளவு தூரம் இல்லை.

என் கட்டியில் டிக்-3 குறைவா இருக்கான்னு சோதிச்சுப் பார்க்கலாமா? தெரிஞ்சா என்ன செய்யலாம்?

ஆய்வில் பார்க்கிறார்கள். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லாத மார்பகக் கட்டிகளில் டிக்-3 குறைவாக இருந்தால் நுரையீரலுக்குப் பரவும் வாய்ப்பு கூடுவதாக 2014-ல் ஓர் ஆய்வு காட்டியது. அதை மறுபடி கூட்டினால் செல்கள் நுரையீரலில் ஒட்டுவது குறைந்தது; செல்களை முதிர்ச்சிப் பக்கம் தள்ள நொதி வேலையும் தேவைப்பட்டது.

ஆனால் வழக்கமான சிகிச்சையில் இந்த ஒரு ஜீனின் அளவை வைத்து மருந்து முடிவு செய்வதில்லை. பரம்பரைப் புற்றுநோய் சோதனையிலும் இதன் அளவு தெரியாது. அந்தச் சோதனை எழுத்துப் பிழையைத் தேடுகிறது. பி53 பற்றிய பதிலில் சொன்னபடி டிக்-3-இல் எழுத்து சரியாகவே இருக்கும், படிக்கப்படுவதுதான் குறைந்திருக்கும். அதை அறிய கட்டித் திசுவிலேயே ஆர்என்ஏவையோ புரதத்தையோ அளக்க வேண்டும். உங்கள் அறிக்கையில் இந்தப் பெயர் வந்திருந்தால், அது எந்த அளவீடு, எந்தத் திசுவில் எடுத்தது என்று மருத்துவரிடம் முதலில் கேளுங்கள்.